800 மில்லி தண்ணீரும் யாகூப் நபியின் கண்ணீரும்

எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் கோடு போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாளும் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அதில் 800 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றி வைக்கிறேன். என் கணவர் அன்றைய பொழுதுக்குக் குடிக்கக்கூடிய நீர் அவ்வளவுதான். தேநீர் குடித்தால் அந்த அளவுக்கு, சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டால் அந்த அளவுக்கு, மாத்திரையை விழுங்கும் ஒரு மிடறு வரைக்கும் கணக்கிட்டுப் பாட்டிலிலிருந்து குறைத்துவிட வேண்டும். அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. சிறுநீர் மிகக் குறைவாகவே பிரிகிறது. உள்ளே போகும் நீர் வெளியேற வழியில்லாமல் காலிலும் நுரையீரலிலும் தங்கிவிடும். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், அவருடைய இரத்தம் இயந்திரத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்கு விடியற்காலைப் பேருந்தில் போய் வருகிறோம். இது நான்காவது ஆண்டு.

அந்த 4 மணி நேரத்தில் வடிகட்டியின் ஒரு பக்கம் அவருடைய இரத்தமும் மறுபக்கம் மருந்துநீரும் ஓடுகின்றன. நிமிடத்துக்கு 500 மில்லி என்று ஓடும் அந்த நீரின் அளவைக் கூட்டிப் பார்த்தால் ஒரு முறைக்கு 120 லிட்டர் வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்க முடியாத மனிதரின் அருகே அவ்வளவு நீர் ஓடிக் கழிவதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து முதன்முதலில் கணக்குப் போட்ட நாளில் எனக்கு நெஞ்சு அடைத்தது. பொறுமையைப் பற்றியும், தவக்குல் என்று சொல்லும், காரியத்தை அல்லாஹ்விடம் ஒப்படைத்து அவன் மீது பொறுப்புச் சாட்டி வாழ்வதைப் பற்றியும் நான் ஏதாவது கற்றிருக்கிறேன் என்றால், அது அந்தக் கதவுக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலியில் கற்றதுதான். நான் மார்க்கம் படித்துத் தேர்ந்த ஆலிமா அல்ல. சிறுவயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்று, பிற்காலத்தில் தமிழாக்கத்தோடு வாசித்துப் பழகியவள். அந்த அளவில் நின்றே எழுதுகிறேன்.

செய்தி ஊரில் பரவிய முதல் வாரத்தில் வீட்டுக்கு வந்த எல்லோரும் ஒரே சொல்லைக் கொண்டுவந்தார்கள். “ஸபுர் செய்யுங்க.” பொறுமையாக இருங்கள் என்பதுதான் அது. மாமி வீட்டுச் சொந்தங்கள், தெருவில் உள்ள ராத்தாமார், கணவரோடு கடையில் வேலை பார்த்தவர்கள் என்று வந்தவர்கள் அனைவரும் அன்போடுதான் வந்தார்கள், பலர் கையில் பழமும் பணமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மீது எனக்கு இன்றும் குறையில்லை. ஆனால் நான் கலங்கிய கண்ணோடு ஏதோ சொல்லத் தொடங்கும்போதே அந்தச் சொல் வந்துவிடும். வந்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அழுகிறவள் ஸபுர் இல்லாதவள், ஸபுர் இல்லாதவள் ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்தவள் என்று நானாகவே ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டேன். ஏழு மாதங்கள் யார் முன்னாலும் அழவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுவேன்; பிறகு, கிடைக்கவேண்டிய நன்மையெல்லாம் போய்விட்டதே என்று பயந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செய்துகொண்டு வெளியே வருவேன்.

இப்படி அடக்கியதில் மனம் அமைதியடைந்திருந்தால் நல்லது என்றிருக்கலாம். அது நடக்கவில்லை. மனம் கெட்டிப்பட்டது. ஒருநாள் மகள் ஒரு குவளைத் தண்ணீரைத் தவறிக் கொட்டிவிட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் யாருக்கும் குறைவில்லாத தண்ணீர்தான் அது. ஆனாலும் நான் கத்திய கத்தலில் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அன்று இரவு உறக்கம் வரவில்லை. பின்னிரவுத் தொழுகையான தஹஜ்ஜுத் நேரத்தில் எழுந்து, எந்த அத்தியாயம் என்று தேடாமல் குர்ஆனைத் திறந்தபோது யூசுப் அத்தியாயம் வந்தது. அந்தக் கதை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். கிணற்றில் எறியப்பட்ட பிள்ளை எகிப்தின் பொறுப்பாளராக உயர்வதைத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வீட்டிலேயே இருந்த தந்தையை நான் கவனித்துப் படித்தது அந்த இரவில்தான்.

யூசுபைக் கிணற்றில் எறிந்த பிள்ளைகள் பொய் இரத்தம் தோய்ந்த அவருடைய சட்டையோடு வந்து நின்றபோது, தந்தை யாகூப் நபி சொன்ன சொல், “அழகிய பொறுமை” என்பது. ஸப்ருன் ஜமீல். பல ஆண்டுகள் கழித்து இன்னொரு மகனும் எகிப்தில் பிடிபட்டான் என்ற செய்தி வந்தபோதும் அதே சொல்லைத்தான் சொன்னார். இதுவரை எல்லோரும் அறிந்தது. இரண்டாம் முறை அந்தச் சொல்லைச் சொன்ன அடுத்த வசனத்திலேயே அவர் பிள்ளைகளைவிட்டுத் திரும்பிக்கொண்டு, “யூசுபுக்காக என் துக்கமே” என்று புலம்புகிறார். துயரத்தால் அவருடைய கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆன் சொல்கிறது. அழகிய பொறுமை என்று சொன்ன வாயும் அழுது வெளுத்த கண்ணும் ஒரே முகத்தில் இருக்கின்றன. அல்லாஹ் அதை அவருடைய குறையாக எங்கும் சொல்லவில்லை. பிள்ளைகள்தான் கடிந்துகொள்கிறார்கள், யூசுபை நினைத்து நினைத்தே அழிந்துபோவீர்கள் என்கிறார்கள். அதற்கு அவர், “என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்” என்று பதில் சொல்கிறார். முறையீட்டை நிறுத்துவதாக அவர் சொல்லவில்லை. யாரிடம் முறையிடுவது என்பதைத்தான் முடிவு செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். ஏழு மாதத்தில் முதல் முறையாகக் குழாயைத் திறக்காமல் அழுதேன். கணவர் விழித்துக்கொண்டு, “என்ன புள்ள?” என்று கேட்டார். வசனத்தைப் படித்துக் காட்டினேன். அவரும் அழுதார். அதுவரை அவரும் எனக்குத் தெரியாமல் எங்கோ அழுதுகொண்டிருந்திருக்கிறார்.

அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் கைக்குழந்தையாக இறந்தபோது அவர்களின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. நீங்களுமா என்று தோழர் ஒருவர் வியந்து கேட்டார். இது இரக்கம் என்று சொல்லிவிட்டு, கண் கண்ணீர் வடிக்கிறது, உள்ளம் துயரப்படுகிறது, நம் இறைவனுக்கு உகந்ததைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டோம் என்று அவர்கள் சொன்னதாக ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. கண்ணுக்கும் உள்ளத்துக்கும் அனுமதி உண்டு, காவல் நாவுக்குத்தான். அரபு மொழியில் ஸப்ர் என்ற சொல்லின் வேரில் தடுத்து நிறுத்துதல் என்ற பொருள் இருக்கிறது என்பார்கள். தமிழில் பொறுமை என்றால் பொறுப்பது, பாரத்தைத் தாங்குவது. இரண்டிலும் பாரம் இல்லையென்று நடிக்கும் பொருள் இல்லை. அந்தப் பொருளை நானாகத்தான் சேர்த்திருந்தேன்.

இன்னொரு ஹதீஸ் எனக்கு முதலில் பயத்தைத் தந்தது. கப்ருக்கு (அடக்கம் செய்த இடத்துக்கு) அருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நபியவர்கள், அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமையாக இரு என்று சொன்னபோது, யார் என்று தெரியாமல் அவள், எனக்கு வந்தது உங்களுக்கு வரவில்லை, போங்கள் என்று சொல்லிவிட்டாள். பிறகு யாரென்று அறிந்து வீட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். முதல் அடி விழும்போது இருப்பதுதான் பொறுமை என்று அவர்கள் பதில் சொன்னார்கள். என் முதல் அடி மதுரையில் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் விழுந்தது. அப்போது என் வாயில் வந்தது “ஏன் எங்களுக்கு?” என்பதுதான். அப்படியென்றால் நான் தோற்றுவிட்டேனா என்று நெடுநாள் மருகினேன். ஆனால் இந்த நோயோடு வாழ்கிறவர்களுக்குத் தெரியும், முதல் அடி ஒரே ஒருமுறை விழுவதில்லை. பொட்டாசியம் ஏறிவிட்டது என்று ஒரு நாள், இரும்புச்சத்து ஊசிக்கு உடல் நடுங்கியது என்று ஒரு நாள், இயந்திரத்திலேயே இரத்த அழுத்தம் இறங்கி அவர் கண் செருகிய ஒரு நாள். ஒவ்வொன்றும் புதிதாகத்தான் வருகிறது. நேற்று தவறவிட்டவளுக்கு இன்று இன்னொரு முதல் கணம் கொடுக்கப்படுகிறது. இதை நான் இரக்கம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொறுமையை நான் தவறாகப் புரிந்துகொண்டதைப் போலவே, பொறுப்புச் சாட்டுவதை என் கணவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். இதை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார். சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே, டயாலிசிஸ் வரத்தான் போகிறது, கையில் ஃபிஸ்டுலா போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது பழுத்துப் பயன்பாட்டுக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தமனியையும் சிரையையும் ஒன்றாக இணைக்கும் சிறிய அறுவை அது. இவர் மறுத்துவிட்டார். “அல்லாஹ் பார்த்துக்குவான்” என்றார். யாரோ சொன்ன ஊரில் யாரோ கொடுத்த சூரணத்தை ஐந்து மாதம் சாப்பிட்டார். நானும் தடுக்கவில்லை, அந்தச் சொல்லை எதிர்த்துப் பேசினால் ஈமானை எதிர்த்துப் பேசுவதாகிவிடும் என்று வாயடைத்துப் போனேன். ஒரு நள்ளிரவில் படுக்க முடியாமல் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தார். காரில் மதுரைக்குப் போகும் வழியெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றுக்கு ஏங்கினார். கழுத்தில் அவசரக் குழாய் போட்டுத்தான் முதல் டயாலிசிஸ் நடந்தது. பல மாதங்கள் கழித்து அவரே சொன்னார்: “அது தவக்குல் இல்ல புள்ள, பயம். பயத்துக்கு நல்ல பேரு வச்சுக்கிட்டேன்.”

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டு என்ற ஹதீஸைக் கேட்காத முஸ்லிம் இல்லை. கேட்டுக் கேட்டு அது காதில் தேய்ந்துவிட்டது. எனக்கு அதைப் புதிதாகத் திறந்து காட்டியது ஸவ்ர் குகை. கி.பி. 622இல் நபியவர்களும் தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களும் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புறப்பட்ட பயணத்தை, வெறும் வீரச் செய்தியாகக் கேட்காமல், என்னென்ன ஏற்பாடுகள் நடந்தன என்று ஒருவர் பட்டியல் போட்டுப் பார்த்தால் வியந்துபோவார். மதீனா வடக்கே இருக்கிறது; அவர்கள் முதலில் தெற்கே, ஸவ்ர் குகை இருக்கும் மலைக்குப் போகிறார்கள். நபியவர்களின் படுக்கையில் அலீ (ரலி) படுத்துக்கொள்கிறார். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் பகலில் மக்காவில் நடமாடிச் செய்தி திரட்டி, இரவில் குகைக்கு வந்து சொல்லிவிட்டு விடியுமுன் ஊருக்குள் போய்விடுகிறார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிவந்து பால் கொடுக்கிறார். ஆடுகளின் குளம்படி மனிதர்களின் காலடித் தடத்தை அழிக்கிறது. அஸ்மா (ரலி) தம் இடுப்புக் கச்சையைக் கிழித்து உணவுப் பையைக் கட்டிக் கொடுக்கிறார். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அப்போது முஸ்லிமாகக்கூட இல்லை. பாலைவழி தெரிந்தவர், நம்பத்தக்கவர் என்பதற்காக அவரிடம் இரண்டு ஒட்டகங்களை ஒப்படைத்து, மூன்று இரவு கழித்து வரச் சொல்லியிருந்தார்கள்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் துரத்தி வந்தவர்கள் குகையின் வாயிலுக்கே வந்துவிட்டார்கள். குனிந்து தம் காலடியைப் பார்த்தால் நம்மைக் கண்டுவிடுவார்கள் என்று அபூபக்ர் (ரலி) நடுங்கினார். செய்யக்கூடிய காரியம் எதுவும் மிச்சமில்லாத அந்த இடத்தில்தான், “கவலைப்படாதீர், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான்” என்ற சொல் வருகிறது. அல்லாஹ் தன் அமைதியை அவர் மீது இறக்கினான் என்று அந்த வசனம் தொடர்கிறது. அந்த அமைதிக்குக் குர்ஆன் வைத்திருக்கும் பெயர் ஸகீனத். தங்குதல், குடியிருத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வரும் சொல். இறக்கினான் என்ற வினையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சுப் பயிற்சி செய்தோ, மனத்தை அதட்டியோ நான் உண்டாக்க முயன்றுகொண்டிருந்த ஒன்றை அங்கே மேலிருந்து இறக்குவதாகச் சொல்லப்படுகிறது. ஆட்டையும் கச்சையையும் ஒட்டகத்தையும் மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஸகீனத்தை அவர்கள் செய்யவில்லை.

ஹாஜரா அம்மையாரை நினைத்தாலும் எனக்கு இதேதான் விளங்குகிறது. பயிர் முளைக்காத பள்ளத்தாக்கில் கைக்குழந்தையோடு விடப்பட்டபோது, இது அல்லாஹ்வின் கட்டளையா என்று இப்ராஹீம் நபியிடம் கேட்டு, ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று சொன்னவர் அவர். அவ்வளவு உறுதியாகச் சொன்னவர் தண்ணீர் தீர்ந்ததும் உட்கார்ந்திருக்கவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார். இரண்டு குன்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு முறையும் சேர்த்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இன்றும் நடந்துபார்க்கும் தூரம் அது. தண்ணீரோ அவர் ஓடிய இரண்டு குன்றுகளிலும் கிடைக்கவில்லை. பிள்ளை கிடந்த இடத்தில் ஊறியது; அதுதான் ஸம்ஸம். அய்யூப் நபிக்கும் அப்படித்தான். நோயால் நொந்தவரிடம், காலால் தரையை உதை என்று சொல்லப்பட்ட பிறகே குளிர்ந்த நீர் வந்தது. உதையால் ஊற்று பிறக்குமா என்று கேட்டால் பிறக்காது. ஆனாலும் உதைக்கச் சொல்லப்பட்டது. எனக்குத் துன்பம் வந்துவிட்டது என்று இறைவனைக் கூவி அழைத்த அவரைத்தான், பொறுமையாளராகக் கண்டோம் என்று குர்ஆன் போற்றுகிறது.

சென்ற ஆண்டு ஹஜ்ஜிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் எங்களுக்கு ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கணவர் பாட்டிலிலிருந்து 30 மில்லியை அளந்து எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு ஸம்ஸமை ஊற்றிக்கொண்டார். புனித நீர் என்பதால் கணக்கில் சேராது என்று வந்தவர் சொன்னார். “ஹாஜரா அம்மாவும் கணக்காத்தான் ஓடுனாங்க, ஏழு தடவ” என்று இவர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு என்னுடையதைத் தர முன்வந்தேன். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய தம்பிக்கு இரத்த வகை பொருந்தவில்லை. அதனால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் பட்டியலில் பெயரைப் பதிந்து காத்திருக்கிறோம். உறுப்பு மாற்றம் கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டம்) அகாடமி நிபந்தனைகளோடு அதை அனுமதித்திருக்கிறது. எங்களுக்குக் கற்றுத்தந்த ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிந்த பிறகே பதிந்தோம்.

பதிந்த அன்றிரவு துஆவுக்குக் கையேந்தியபோது எனக்கு நா எழவில்லை. யா அல்லாஹ், என் கணவருக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். அந்தச் சிறுநீரகம் எங்கிருந்து வரும்? ஏதோ ஒரு வீட்டில் ஒரு மகனோ மகளோ காலையில் வண்டியில் புறப்பட்டுப் போய்த் திரும்பாத நாளில் வரும். 2008இல் மருத்துவத் தம்பதியரின் 15 வயது மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தது தமிழ்நாடு முழுவதையும் உலுக்கியது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது நான் அந்தத் தாயை நினைத்து அழுதவள். இப்போது அதே போன்ற ஒரு தாயின் இரவுக்காக நான் துஆ கேட்க வேண்டுமா? பல நாள் இதிலேயே மனம் அலைந்தது. கேட்காமல் இருந்தால் கணவருக்குத் துரோகம் போலிருந்தது. கேட்டால் முகம் தெரியாத ஒருத்திக்குத் துரோகம் போலிருந்தது.

இறைவனிடம் வழியைச் சொல்லித் தரும் வேலை எனக்கில்லை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. யாகூப் நபி பிள்ளைகளை எகிப்துக்கு அனுப்பும்போது, ஒரே வாசலால் நுழையாதீர்கள், பல வாசல்களால் நுழையுங்கள் என்று கவனமாகச் சொல்லி அனுப்புகிறார். சொன்ன கையோடு, அல்லாஹ்விடமிருந்து வருவதில் எதையும் நான் தடுத்துவிட முடியாது, அவன் மீதே பொறுப்புச் சாட்டியிருக்கிறேன் என்கிறார். வாசலைப் பற்றி யோசிப்பது அவர் வேலையாக இருந்தது. வாசலுக்கு அப்பால் இருந்தது யூசுப் என்பது அவருக்குத் தெரியவில்லை. இப்போது நான் கேட்பது சுருக்கமானது. இவருக்கு எது நலமோ அதைக் கொடு. எந்த வீட்டின் துயரத்தின் வழியாக அது வருவதாக இருந்தாலும் அந்த வீட்டாருக்கு உன் ஸகீனத்தை முதலில் இறக்கு. பெயர் தெரியாத அந்தக் குடும்பத்துக்காக ஒவ்வொரு வியாழன் இரவும் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதுகிறேன். அவர்களுக்கு இன்னும் எதுவும் நேரவில்லை. நேராமலே போகட்டும் என்றும் சேர்த்தே கேட்கிறேன். இரண்டு வேண்டுதலும் ஒன்றுக்கொன்று முரண் என்பது எனக்குத் தெரியும். கேட்பது என் வேலை. முரணைத் தீர்ப்பது அவனுடைய வேலை. இந்த வேலைப் பிரிவினை என் மனத்தில் விழுந்த நாளிலிருந்து என்னால் உறங்க முடிகிறது.

அமைதி எப்போதும் இருக்கிறது என்று சொன்னால் அது பொய். ஃபிஸ்டுலா இருக்கும் கையில் விரல் வைத்தால் வண்டு முரல்வது போல ஓர் அதிர்வு தெரியும். அது இருக்கும்வரை இரத்தம் ஓடுகிறது என்று பொருள். காலையில் தொழுகை முடிந்ததும் அவர் தம் இடக்கையை நீட்டுவார். நான் விரல் வைத்துப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வேன். சென்ற ஆண்டு ஒருநாள் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கை குளிர்ந்து கிடந்தது. இன்னா லில்லாஹி, நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், என்ற சொல் தானாக வந்தது. அந்த முறை “ஏன்” என்பது வரவில்லை. வயிறு கலங்கியது, கை நடுங்கியது, கண்ணீர் வந்தது; அத்தனையோடும் வண்டிக்குச் சொல்லி, மருத்துவக் கோப்புகளை எடுத்து, பிள்ளைகளை ராத்தா வீட்டில் விட்டு, முற்பகலுக்குள் மதுரையில் இருந்தோம். இரத்தம் கட்டியிருந்த அடைப்பை எடுத்தார்கள். சில மணி நேரம் தாமதித்திருந்தால் அந்தக் கை வீணாகியிருக்கும் என்றார்கள். அறுவை அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்த நேரத்தில், செய்ய வேண்டியது எதுவும் என் கையில் மிச்சமில்லை என்பது புரிந்தது. அப்போது ஓர் அமைதி இறங்கி எனக்குள் குடியமர்ந்தது போலிருந்தது. பயம் போகவில்லை. பயத்துக்குப் பக்கத்தில் அதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மாலைத் தொழுகையான அஸருக்குப் பாங்கு கேட்டபோது அது இருந்தது.

ரமலான் மாதத்தில் அவரால் நோன்பு வைக்க முடியாது. விடுபடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு என்ற கணக்கில் ஃபித்யா கொடுக்கிறோம். பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் மிகுதி என்பதால் அதுவும் அவருக்கு ஆகாது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியில் உப்பும் நீரும் இருப்பதால் மணம் பிடிப்பதோடு சரி. சிறுவயதில் பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்க வரிசையில் நின்ற மனிதர் அவர். முதல் ரமலானில், நோன்பு திறக்கும் நேரத்தில் மாடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். எங்களோடு உட்காரத் தகுதியில்லாதவன் போல அவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்த ரமலானில் விரிப்பின் தலைப்பக்கத்தில் அவர்தான் உட்கார்ந்தார்.

பாட்டிலில் 50 மில்லி மிச்சம் வைத்திருந்தார். அதைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி முன்னால் வைத்துக்கொண்டு, எங்களைப் போலவே பாங்குக்குக் காத்திருந்தார். பங்குனி வெயில் அன்று பொழுதெல்லாம் வாட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. “நீங்க நோன்பு இல்லையே வாப்பா, முன்னாடியே குடிச்சிருக்கலாமே?” என்று கேட்டாள்.

“ஒங்களோட குடிக்கணும்னுதான் வச்சிருக்கேன்மா” என்றார்.

மோதினாரின் குரல் எழுந்தது. நாங்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தோம்; அவர் குவளையை எடுத்து இரண்டு மிடறாகக் குடித்தார். நபியவர்கள் நோன்பு திறந்ததும் ஓதும் துஆவைத் தாழ்ந்த குரலில் அவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலியும் உறுதியாயிற்று. மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான் பாட்டிலைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு மஃரிபு தொழப் போனேன்.